வானத்தில் இருந்து பார்த்தால் நீலமணி! கரை உடைந்தால் பேய் வெள்ளம்!

விண்வெளியில் இருந்து பார்த்தால் இமயமலை எப்படித் தெரியும்?

யாரோ ஒரு பெரிய வெள்ளைத் துணியைக் கசக்கிப் போட்டது போலத் தெரியும். மடிப்பு மடிப்பாக மலைகள். மடிப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பனி ஆறுகள். பார்ப்பதற்கு அவை வெள்ளைப் பாம்புகள் போல இருக்கும். சில பாம்புகளின் வாய் அருகே ஒரு சின்ன நீலப் புள்ளி மின்னும். வெள்ளை வேட்டியில் யாரோ நீலமணியைத் தைத்து வைத்தது போல!

ராகேஷ் சர்மா 1984-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் விண்வெளிக்குப் போனார். விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் அவர்தான். மேலே இருந்து இந்தியாவைப் படம் எடுத்தார். அன்று முதல் இன்று வரை, செயற்கைக் கோள்கள் இமயமலையை ஆயிரக்கணக்கான தடவை படம் பிடித்துவிட்டன. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்.

வெள்ளைப் பாம்புகள் சுருங்கிக்கொண்டு வருகின்றன. நீலப் புள்ளிகள் பெருத்துக்கொண்டு வருகின்றன!

அந்த நீலப் புள்ளிகள் என்ன? அவை ஏன் பெருக்கின்றன? அதனால் யாருக்கு ஆபத்து? சிக்கிமில் 2023-ம் ஆண்டு நடந்த ஒரு பயங்கரச் சம்பவம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

மதகு இல்லாத ஏரி

பனி ஆறு என்றால் உறைந்து கிடக்கும் பனிக்கட்டிதான். ஆனாலும் அது சும்மா கிடப்பது இல்லை. தன் பாரத்தால் மெல்ல மெல்லக் கீழே நகரும். நகரும்போது மலையைச் சுரண்டும். சுரண்டிய கல்லையும் மண்ணையும் தன் முன்னாலும் இரு பக்கத்திலும் மேடாகக் குவித்து வைக்கும்.

பூமியில் வெப்பம் கூடும்போது பனி உருகுகிறது. பனி ஆறு பின்வாங்குகிறது. அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகிய நீர் தேங்குகிறது. முன்னால் குவிந்திருக்கும் கல் மண் மேடே அதற்குக் கரை ஆகிவிடுகிறது. அந்த ஏரிதான் மேலே இருந்து பார்ப்பவர்களுக்கு நீலப் புள்ளியாகத் தெரிகிறது.

நம் ஊர் ஏரிக்குக் கரை உண்டு. மதகு உண்டு. மிஞ்சிய தண்ணீர் வழிந்து ஓடக் கலிங்கல் உண்டு. கரையில் பிளவு விட்டால் ஊரே மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஓடும்.

இமயமலை ஏரிக்கு இவை எதுவும் கிடையாது. கரையைக் கட்டியவர் யாரும் இல்லை. காவல் காப்பவரும் இல்லை. கரைக்குள் இருக்கும் பனிக்கட்டிதான் கல்லையும் மண்ணையும் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பனி இளகினால் கரையும் இளகிவிடும்!

வளர்ந்துகொண்டே போன ஏரி

சிக்கிம் மாநிலத்தின் வட கோடியில் தெற்கு லோனாக் என்று ஓர் ஏரி இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 17,000 அடி உயரத்தில் அது இருக்கிறது. அங்கே ஊர் இல்லை. மரம் இல்லை. மூச்சு விடுவதே கஷ்டம்.

ஆனால் வானத்தில் இருந்து பார்க்கும் கண்ணுக்கு உயரம் ஒரு பொருட்டு அல்ல. அது அந்த ஏரியை விடாமல் பார்த்து வந்தது.

1977-ம் ஆண்டு அந்த ஏரியின் பரப்பு சுமார் 43 ஏக்கர். 2008-ம் ஆண்டு அது ஏறத்தாழ 245 ஏக்கர் ஆகிவிட்டது. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அளந்தபோது 413 ஏக்கர்! 46 ஆண்டுகளில் ஒன்பது மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது.

விஞ்ஞானிகள் வாய் மூடி இருக்கவில்லை. "இந்த ஏரி ஒருநாள் உடையலாம்" என்று 2013-ம் ஆண்டே ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதினார்கள். 2021-ம் ஆண்டு வெளிவந்த இன்னொரு கட்டுரையும் எச்சரித்தது. ஏரி உடைந்தால் வெள்ளம் எந்த வழியாக வரும், எந்த ஊரைத் தாக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது.

கணக்கு காகிதத்தில் இருந்தது. ஏரி மலை மேல் இருந்தது. ஜனங்கள் கீழே ஆற்றங்கரையில் இருந்தார்கள்.

அந்த இரவு

2023-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி இரவு. மணி பத்து அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

ஏரியின் பக்கவாட்டில் இருந்த மேடு பெயர்ந்து ஏரிக்குள் சரிந்தது. சரிந்த கல்லும் மண்ணும் பனியும் 1 கோடியே 47 லட்சம் கன மீட்டர். ஒரு லாரிக்குப் பத்துக் கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 14 லட்சத்து 70 ஆயிரம் லாரி மண் ஒரே சமயத்தில் ஏரியில் விழுந்ததற்குச் சமம்!

ஏரி பொங்கி எழுந்தது. சுமார் 65 அடி உயரத்துக்கு அலை கிளம்பியது. அந்த அலை முன்கரையைத் தகர்த்தது. ஏரியில் இருந்த நீரில் ஏறத்தாழ பாதி வெளியே பாய்ந்தது. அது 5,000 கோடி லிட்டர்!

தண்ணீர் மட்டும் வரவில்லை. பாறைகள் உருண்டன. மரங்கள் முறிந்தன. வழி நெடுகக் கரைகள் சரிந்து சேர்ந்துகொண்டன. அறுபது கிலோ மீட்டருக்கு அப்பால் சுங்தாங் என்ற ஊர். அங்கே டீஸ்தா ஆற்றின் குறுக்கே பெரிய அணை இருந்தது. 1,200 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் நீர்மின் திட்டத்துக்காகக் கட்டிய அணை அது. உயரம் சுமார் 200 அடி. திட்டத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 14,000 கோடி ரூபாய். 2017-ம் ஆண்டுதான் அந்த மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது.

நள்ளிரவு தாண்டி வெள்ளம் அணைக்கு வந்தது. சில நிமிஷங்களில் அணை அடித்துச்செல்லப்பட்டது. அணைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, வெள்ளம் இன்னும் மூர்க்கமாகக் கீழே பாய்ந்தது. சிக்கிமைத் தாண்டி, மேற்கு வங்காளத்தைத் தாண்டி, வங்காளதேசம் வரை போய்த்தான் அது ஓய்ந்தது.

55 பேர் மாண்டார்கள். 74 பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. மாண்டவர்களில் ஆற்றங்கரை முகாமில் இருந்த ராணுவ வீரர்களும் உண்டு. 31 பெரிய பாலங்கள் போயின. தூங்கப் போனவர்கள் விழித்தபோது வீட்டுக்குள் சேறு. விழிக்காமலே போனவர்களும் உண்டு.

மேகத்தின் மேல் பழி

மறுநாள் காலையில் பலர் ஒரே காரணத்தைச் சொன்னார்கள். "மேகம் வெடித்துவிட்டது. திடீர் மழையால் வெள்ளம் வந்துவிட்டது" என்றார்கள்.

உண்மையை வெளியே கொண்டுவந்தது செயற்கைக் கோள்தான். அக்டோபர் 4-ந் தேதி எடுத்த படத்தில் ஏரியின் பரப்பு சுமார் 150 ஏக்கராகச் சுருங்கி இருந்தது. ஆறு நாட்களுக்கு முன் 413 ஏக்கர். அக்டோபர் 4-ல் 150 ஏக்கர். மீதி எங்கே போனது என்று கேட்கவும் வேண்டுமா?

பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். பழைய படங்களைப் புரட்டியபோது அவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அன்று இரவு சரிந்ததே, அந்த மேடு, திடீரென்று சரியவில்லை. 2016-ம் ஆண்டு முதலே நகர்ந்துகொண்டு இருந்தது. ஆண்டுக்கு 50 அடி வரை நகர்ந்திருக்கிறது!

வானத்துக் கண் அதையும் பார்த்திருக்கிறது. படமும் எடுத்திருக்கிறது. ஆனால் ஏழு ஆண்டுகளாக எடுத்த படங்களை வரிசையாக வைத்து, "மேடு நகர்கிறது, ஜாக்கிரதை!" என்று சுங்தாங் மக்களுக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

பத்து ஆண்டு இறைக்க வேண்டிய நீர்

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முயற்சி நடந்தது.

2016-ம் ஆண்டு, லடாக்கைச் சேர்ந்த சோனம் வாங்சுக்கின் துணையோடு, சிக்கிம் அரசாங்கம் அந்த ஏரிக்கு ஆட்களை அனுப்பியது. எட்டு அங்குலக் குழாய்கள் மூன்றை மலை மேல் கொண்டுபோய் வைத்தார்கள். வினாடிக்கு 150 லிட்டர் நீர் வெளியேறும்படி செய்தார்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், அது சாமானியக் காரியம் அல்ல.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஓர் இரவில் வெளியேறிய 5,000 கோடி லிட்டரை அந்தக் குழாய்களால் வெளியேற்ற வேண்டும் என்றால், இரவு பகலாக ஓடினாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். அண்டாவில் இருக்கும் தண்ணீரைச் சங்கால் மொள்ளுவது போன்ற கதைதான்!

அடுத்த முயற்சி இன்னும் பரிதாபமானது. 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இந்திய, சுவிட்சர்லாந்து நிபுணர்கள் ஏரிக்கரைக்கே போனார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் காமிராவையும், வானிலைக் கருவியையும் பொருத்தினார்கள். படங்கள் வரத் தொடங்கின. வெள்ளம் கிளம்பினால் உடனே அபாய அறிவிப்புக் கொடுக்கும் கருவியைப் பிறகு பொருத்துவதாக இருந்தது.

செப்டம்பர் கடைசியில் அந்தக் கருவிக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. அக்டோபர் 3-ந் தேதி ஏரி உடைந்தது!

இரண்டு மணி நேரம்

இந்தச் சம்பவத்தில் மனதை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு.

ஏரி உடைந்தது இரவு பத்து மணிக்குச் சற்றுப் பின். வெள்ளம் சுங்தாங்கை அடைந்தது நள்ளிரவுக்குப் பின். நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யலாம்? குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மேட்டுக்கு ஏறிவிடலாம். ஆற்று வெள்ளத்துக்குத் தப்ப ஊரை விட்டு ஓட வேண்டியது இல்லை. ஐம்பது, நூறு அடி உயரம் ஏறினால் பல இடங்களில் உயிர் தப்பும். அணையின் கதவுகளையும் திறந்து வைக்கலாம்.

அணைக்குச் சேதி வந்தது நள்ளிரவு நெருங்கும் வேளையில். கதவுகளைத் திறக்க ஆட்கள் விரைந்தார்கள். திறப்பதற்குள் வெள்ளம் வந்துவிட்டது.

ஏரியில் ஒரு மணி அடித்து, அதே நிமிஷம் ஊரில் ஒரு சங்கு ஊதியிருந்தால்? இந்தக் கேள்விதான் இன்று வரை நிற்கிறது.

உத்தரகண்டிலும் இதே கதை

இது முதல் தடவை அல்ல. 2021-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி, உத்தரகண்டில் சமோலி மாவட்டத்தில் ஒரு மலைச்சரிவே பெயர்ந்து விழுந்தது. 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனியும் சுமார் 6,000 அடி ஆழத்துக்கு விழுந்தன. இரண்டு நீர்மின் நிலையங்கள் அழிந்தன. 204 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள்.

அங்கேயும் முதலில் "ஏரி உடைந்துவிட்டது" என்றார்கள். மேலே இருந்து எடுத்த படங்கள்தான், "உடைந்தது ஏரி அல்ல, மலை!" என்று காட்டின. பழைய படங்களைத் தேடியபோது, 2016 முதலே அந்த இடம் நகர்ந்து, பிளவு விட்டிருந்தது தெரிந்தது.

சமோலியில் மலை. சிக்கிமில் ஏரி. இரண்டு இடத்திலும் படம் முன்பே இருந்தது. விபத்து நடந்த பிறகுதான் அதை எடுத்துப் பார்த்தார்கள்!

காரணமும் இல்லாமல் இல்லை. இமயமலை நீண்டு கிடப்பது 2,400 கிலோ மீட்டர். செயற்கைக் கோள் அனுப்பும் படங்களோ மலை மலையாகக் குவிகின்றன. எந்த மூலையில், எந்தச் சரிவு நகர்கிறது என்று தேடிப் பார்க்க ஆள் வேண்டும். பார்த்ததை ஊர் அதிகாரிக்குச் சொல்ல வழி வேண்டும். அதிகாரி ஊராருக்குச் சொல்ல ஏற்பாடு வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும். வானத்தில் கண் இருந்தும் பயன் இல்லை.

நேபாளத்தில் செய்து காட்டினார்கள்

முடியாத காரியமா இது? இல்லை. பக்கத்து நாடான நேபாளத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே இம்ஜா என்று ஓர் ஏரி. 16,000 அடிக்கு மேல் உயரம். அதுவும் பனி உருகி வளர்ந்த ஏரிதான். 2016-ம் ஆண்டு நேபாள ராணுவ வீரர்கள் அங்கே வேலை செய்தார்கள். கரையில் கால்வாய் வெட்டிக் கதவு வைத்தார்கள். ஏரியின் நீர்மட்டத்தை 11 அடி குறைத்தார்கள். வெள்ளம் வந்தால் கீழே இருக்கும் ஊர்களில் சங்கு ஊதவும் ஏற்பாடு செய்தார்கள்.

மதகு இல்லாத ஏரிக்கு மதகு வைத்தார்கள்! நம் முன்னோர் ஊர் ஏரிக்குச் செய்ததைத்தான் அவர்கள் வானத்தை முட்டும் மலையில் செய்தார்கள்.

ஆனால் எல்லா ஏரிக்கும் இப்படிச் செய்ய முடியாது. சில ஏரிகளுக்குப் போக வழியே இல்லை. சில ஏரிகளின் கரையைத் தொட்டாலே சரிந்துவிடும். அங்கெல்லாம் காவல் காப்பதும் எச்சரிப்பதும்தான் வழி.

676 ஏரிகள்!

இந்தியாவில் உற்பத்தியாகும் ஆறுகளும், வெளியே உற்பத்தியாகி இந்தியாவுக்குள் வரும் ஆறுகளும் இமயமலையில் பல உண்டு. அவற்றின் தலைப்பகுதியில் உள்ள ஏரிகளை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் படங்களைக் கொண்டு எண்ணிப் பார்த்தது. 2024-ம் ஆண்டு ஏப்ரலில் முடிவைச் சொன்னது.

25 ஏக்கருக்கு மேல் பரப்பு உள்ள ஏரிகள் 2,431. அவற்றில் 1984-க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தவை 676. இந்த 676-ல் 601 ஏரிகள் இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டன. இந்திய எல்லைக்குள் இருப்பவை 130.

வளர்ந்த ஏரி எல்லாம் நாளையே உடைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. பல ஏரிகள் உறுதியான பாறைக்கு நடுவே இருக்கின்றன. ஆனாலும் எது உறுதி, எது ஆட்டம் கண்டது என்று பிரித்துப் பார்க்காமல் விடலாமா?

இதை உணர்ந்து, 2024-ம் ஆண்டு மத்திய அரசாங்கம் 150 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. சிக்கிம், அருணாசலப் பிரதேசம், உத்தரகண்ட், இமாசலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு அது பொது. அடித்துச்செல்லப்பட்ட ஒரே ஒரு மின் திட்டத்தின் செலவு 14,000 கோடி. நான்கு மாநில ஏரிகளின் ஆபத்தைக் குறைக்க 150 கோடி! இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தால் எந்தத் தட்டு தாழும் என்று சிறு பிள்ளையும் சொல்லும்.

புதிய கண்

நல்ல செய்தியும் உண்டு. 2025-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து நிசார் என்ற செயற்கைக் கோள் மேலே போனது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது அது. எடை 2,392 கிலோ. சுமார் 740 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகிறது.

சாதாரணக் காமிராவுக்கு மேகம் பகை. மழைக்காலத்தில் இமயமலை மாதக்கணக்கில் மேகத்துக்குள் மறைந்திருக்கும். ஆபத்து வரும் காலமும் அதுதான்! நிசார் ரேடார் அலையை அனுப்பிப் பார்க்கிறது. மேகமும் இருட்டும் அதைத் தடுக்க முடியாது. 12 நாளைக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்பி வந்து, நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

ஆண்டுக்கு 50 அடி நகர்ந்த மேட்டைக் கவனிக்கத் தவறிய காலம் ஒன்று. சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் காலம் இது. கண் கூர்மையாகிவிட்டது. சங்கிலியின் மற்றக் கண்ணிகளும் அதே போல உறுதியாக வேண்டும்.

ஏனென்றால் அணைப் பேச்சு மீண்டும் தொடங்கிவிட்டது. 2025-ம் ஆண்டு ஜனவரியில், அடித்துச்செல்லப்பட்ட இடத்திலேயே மறுபடி அணை கட்டலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு சிபாரிசு செய்தது. இந்தத் தடவை கான்கிரீட் அணை. பழைய அணையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம். அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

மின்சாரம் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எத்தனை உயரமான அணையானாலும் அது தனியே நின்று ஊரைக் காப்பாற்றாது. 5,000 கோடி லிட்டர் போன பிறகும் அந்த ஏரியில் பாதி நீர் மீதி இருந்தது. மலை அங்கேயே இருக்கிறது. பனி உருகிக்கொண்டு இருக்கிறது. அணைக்குக் கல் போடுவதற்கு முன்பு, ஏரிக்கரையில் காவல் கருவியும், ஆற்றங்கரை ஊர்தோறும் அபாயச் சங்கும், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று குழந்தைகளுக்கும் தெரிந்த வழியும் இருக்க வேண்டும்.

வானத்தில் இருந்து எடுத்த படம் அழகாகத்தான் இருக்கும். சுவரில் மாட்டி வைக்கலாம். ஆனால் அது அலங்காரப் படம் அல்ல. மலை எழுதிய கடிதம். கடிதம் வந்தால் பிரித்துப் படிக்க வேண்டும். படித்ததை வீட்டில் உள்ளவர்களுக்கு உரக்கச் சொல்ல வேண்டும்.

சிக்கிமுக்கு வந்த கடிதத்தைச் சிலர் படித்தார்கள். ஊராருக்குச் சொல்ல வேண்டிய இரவில் குரல் எழவில்லை. அடுத்த கடிதம் எந்த ஏரியில் இருந்து வரும்? அதை யாராவது உரக்கப் படிப்பார்களா? ஆற்றங்கரையில் தூங்கும் குடும்பங்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.